கெண்டைக்கால் முதல் கண்ணிமை வரை: தசைப்பிடிப்புக்கு அறிகுறி பார்த்து வழி தேடுவது

"நரம்பு இழுத்துக்கிச்சும்மா." என் பிசியோதெரபி அறைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் ஆரம்பிப்பார்கள். தொட்டுப் பார்த்தால் இழுத்துக்கொண்டிருப்பது தசை. குரக்களி, கெண்டை பிடிப்பு, சுளுக்கு, மூச்சுப்பிடிப்பு, வாயுப்பிடிப்பு என்று ஊருக்கு ஒரு பெயர், உடம்பில் இடத்துக்கு ஒரு பெயர். பெயர் எதுவானாலும் பரவாயில்லை. நரம்புக் கோளாறு என்று தானாகவே முடிவு கட்டி, நேரே போய் 'நரம்பு ஊசி' என்று சொல்லும் வைட்டமின் பி12 ஊசியைப் போட்டுக்கொள்வதுதான் சிக்கல். பி12 குறைவு என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்தவர்களுக்கு அந்த ஊசி அவசியம். மற்றவர்களுக்குக் காசு கரையும், காரணம் அப்படியே உள்ளே இருக்கும்.

பிடிப்பு என்பது என்ன? முதுகுத்தண்டிலிருந்து தசைக்கு வரும் இயக்க நரம்பு, "சுருங்கு, சுருங்கு" என்று நிறுத்தாமல் கட்டளை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. சாதாரணமாக அதற்கு ஒரு கடிவாளம் உண்டு. தசையை எலும்போடு கட்டும் நாணில் உள்ள உணர்விகள் இழுவை கூடும்போது "போதும்" என்று முதுகுத்தண்டுக்குச் சொல்லும். தசை களைத்திருந்தாலோ, ஏற்கெனவே குறுகிய நிலையில் கிடந்தாலோ அந்தக் கடிவாளம் தளர்ந்துவிடுகிறது என்பதுதான் இன்று பரவலாக ஏற்கப்படும் விளக்கம். முதலுதவியும் இதிலிருந்தே வருகிறது. பிடித்த தசையை மெதுவாக நீட்டினால் நாண் இறுகும், "போதும்" என்ற செய்தி மறுபடி போகத் தொடங்கும். தைலம் தேய்ப்பதெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

கீழே உங்களுக்கு எது பொருந்துகிறதோ அங்கே போங்கள். ஆனால் எங்கே பிடிக்கிறது, எந்த நேரத்தில், எவ்வளவு நேரம் நீடிக்கிறது, என்ன செய்தால் விடுகிறது என்ற நான்கையும் முதலில் யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். எந்த மருத்துவரிடம் போனாலும் இந்த நான்கையும் கேட்பார்.

நடுராத்திரியில் கெண்டைக்கால் கல் மாதிரி ஆகிறது

அதிகம் பேரைத் தூக்கத்திலிருந்து எழுப்புவது இதுதான். அயர்ந்து தூங்கும்போது பாதம் தானாகவே கீழ்நோக்கி நீண்டுவிடும். குப்புறப் படுப்பவர்களுக்கும், கனமான போர்வையைக் காலடியில் இறுக்கிச் செருகிக்கொள்பவர்களுக்கும் இன்னும் அதிகமாக நீளும். பாதம் நீண்டால் ஆடுசதை குறுகிக் கிடக்கிறது என்று அர்த்தம். அந்த நேரத்தில் ஒரு சோம்பல் முறித்தால் போதும், பிடித்துக்கொள்ளும். விளக்கைப் போட்டுப் பார்த்தால், தோலுக்கு அடியில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு முண்டு புடைத்து நிற்கும். கட்டைவிரல் தரையைப் பார்த்து வளைந்திருக்கும்.

உடனே செய்ய வேண்டியது: முழங்காலை மடக்காமல் காலை நேரே நீட்டுங்கள். பாதத்தின் முன்பகுதியை, அதாவது விரல்களுக்குக் கீழே உள்ள மேட்டை, உங்கள் முகத்தை நோக்கி இழுங்கள். கை எட்டாவிட்டால் ஒரு துண்டை அந்த மேட்டில் மாட்டி இரண்டு முனையையும் பிடித்து இழுக்கலாம். வெடுக்கென்று இழுக்க வேண்டாம், தசை நார் கிழிந்துவிடும். இழுத்த நிலையிலேயே முப்பது எண்ணுங்கள். முதல் பத்துக்கு வலி கூடுவது போல இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுந்து நிற்க முடிந்தால் இன்னும் நல்லது. சுவரைப் பிடித்துக்கொண்டு, குதிகால் தரையில் முழுதும் பட, அந்தக் காலில் எடையைப் போட்டு முன்னால் சாயுங்கள்.

பக்கத்தில் யாராவது இருந்தால், அவர் ஒரு கையால் குதிகாலைத் தாங்கி, மறு கையால் பாதத்தைத் தலைப்பக்கமாகத் தள்ளட்டும். பிடித்த இடத்தை இரண்டு கட்டைவிரலால் அழுத்திப் பிசைவதுதான் பல வீடுகளில் முதலில் நடக்கிறது. விட்ட பிறகு பிசையலாம், தவறில்லை. அதன் பின் வெந்நீர் ஒத்தடம். மறுநாள் முழுக்க அடிபட்டது போல வலி இருந்தால் பயப்பட வேண்டாம், கடுமையாகச் சுருங்கிய தசை அப்படித்தான் வலிக்கும்.

சரி, திரும்பத் திரும்ப வருகிறதே, அதற்கு? படுக்கப் போகும் முன் நீட்டும் பயிற்சியைத்தான் நான் முதலில் சொல்கிறேன். நெதர்லாந்தில் 55 வயதுக்கு மேற்பட்ட 80 பேரிடம் நடந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. ஆறு வாரம் தினமும் தூங்கும் முன் கெண்டைக்காலையும் பின்தொடையையும் நீட்டியவர்களுக்கு, நீட்டாதவர்களைவிடப் பிடிப்பு தெளிவாகக் குறைந்தது. சுவரிலிருந்து இரண்டு மூன்று அடி தள்ளி நின்று, உள்ளங்கைகளைச் சுவரில் ஊன்றி, குதிகாலைத் தூக்காமல் சாய வேண்டும். அரை நிமிடம் வீதம் மூன்று தடவை. இவ்வளவுதான். நான்கு நாள் செய்துவிட்டு விட்டுவிடாதீர்கள்.

வாழைப்பழம், மெக்னீசியம் மாத்திரை பற்றிக் கேட்காதவர் இல்லை. வாழைப்பழம் நல்ல உணவு, சாப்பிடுங்கள். ஆனால் பொட்டாசியம் குறையாதவருக்கு ராத்திரிப் பிடிப்பை அது நிறுத்தாது. மெக்னீசியம் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்த காக்ரேன் மதிப்பாய்வின் 2020 பதிப்பு, காரணம் தெரியாத பிடிப்பு உள்ள முதியவர்களுக்கு அதனால் குறிப்பிடத்தக்க பலன் கிடைக்க வாய்ப்பில்லை என்றே சொல்கிறது. கர்ப்பிணிகள் விஷயத்தில் முடிவுகள் ஒன்றுக்கொன்று முரண்படுகின்றன. ஒரு காலத்தில் மலேரியா மருந்தான கொயினாவை இதற்குக் கொடுத்தார்கள். ரத்தத் தட்டணுக்கள் சரிவது, இதயத் துடிப்பு தடம் மாறுவது போன்ற ஆபத்துகளால், மருந்துச் சீட்டு இல்லாமல் கால் பிடிப்புக்கு அதை விற்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-இலேயே நிறுத்தியது. பழைய சீட்டைக் காட்டி யாராவது அதை வாங்கித் தந்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இதைவிட முக்கியமான இடம் உங்கள் மாத்திரைப் பை. பூ கட்டி விற்கும் ஓர் அம்மா, அறுபதைத் தாண்டியவர், இரண்டு மாதமாகத் தூக்கமே இல்லை என்று வந்தார். கால்களைச் சோதித்துவிட்டு, "என்னென்ன மாத்திரை சாப்பிடறீங்கம்மா?" என்றேன். மடியிலிருந்து ஒரு மஞ்சள் கவரை எடுத்து மேசை மேல் கொட்டினார். பாதி கிழிந்த அட்டைகள், ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டு, நடுவில் புதிதாக ஒரு நீர் மாத்திரை. எப்போது சேர்த்தார்கள் என்று கேட்டதும், "ரெண்டு மாசம் இருக்கும்மா, பிரஷருக்குன்னு குடுத்தாங்க" என்றார். சொல்லி முடித்ததும் அவரே நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அந்த அட்டையைக் கையில் கொடுத்து, எழுதித் தந்த மருத்துவரிடமே அனுப்பினேன். ரத்தத்தில் பொட்டாசியமும் சோடியமும் பார்த்து, மருந்தை மாற்றித் தந்தார்கள்.

சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகள், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின்கள், மூச்சுத்திணறலுக்கு இழுக்கும் இன்ஹேலரில் உள்ள சில மருந்துகள் இவையெல்லாம் பிடிப்பைக் கொண்டுவரலாம். வயிற்று எரிச்சலுக்கு ஆண்டுக்கணக்கில் விழுங்கும், அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகள் உடம்பின் மெக்னீசியத்தையும் குறைக்கக்கூடும். அப்படிக் குறைந்தவர்களுக்கு, ரத்தத்தில் அளவு பார்த்து மெக்னீசியம் கொடுப்பதில் அர்த்தம் இருக்கிறது. எந்த மாத்திரையையும் நீங்களாக நிறுத்தாதீர்கள். அட்டையோடு போய்க் கேளுங்கள்.

கர்ப்ப காலத்தின் நடுவிலும் கடைசியிலும் கெண்டை பிடிப்பது மிகச் சாதாரணம். நீட்டும் பயிற்சிதான் அங்கும் முதல் வழி. சர்க்கரை நோய், தைராய்டு குறைவு, கல்லீரல் சுருக்கம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் அடிக்கடி வரும். டயாலிசிஸ் நடக்கும்போதே பிடித்தால் அங்குள்ள செவிலியரிடம் உடனே சொல்லுங்கள். உடம்பிலிருந்து நீரை எடுக்கும் வேகத்தைக் குறைப்பார்கள்.

இங்கே ஓர் எச்சரிக்கை. ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாகி, சிவந்து, வலி சில நிமிடத்தில் விடாமல் நாள் முழுக்க நின்றால் அதைப் பிடிப்பு என்று நினைக்காதீர்கள். ஆழ்சிரையில் ரத்தம் உறைந்திருக்கலாம். அறுவை சிகிச்சை முடிந்தவர்கள், பிரசவித்தவர்கள், நெடுந்தூரம் உட்கார்ந்தே பயணம் செய்தவர்கள் ரொம்பவே கவனிக்க வேண்டும். அந்தக் காலைத் தேய்க்கக் கூடாது, பிசையக் கூடாது. உறைந்த கட்டி நகர்ந்து நுரையீரலுக்குப் போகும். அன்றைக்கே மருத்துவமனை.

வெயிலில் வேலை செய்தபின் கை, கால், வயிறு என்று மாறி மாறிப் பிடிக்கிறது

கொத்தனார், சித்தாள், உப்பளத்தில் வேலை செய்பவர்கள், தார் ரோடு போடுகிறவர்கள் எல்லாரும் அக்னி நட்சத்திர நாட்களில் இதைச் சொல்கிறார்கள். "தண்ணி நிறையக் குடிக்கிறேனே" என்பதும் கூடவே வரும். குடித்தது வெறும் தண்ணீராக இருப்பதுதான் காரணம். வியர்வையில் உப்பும் சேர்ந்து போகிறது. இது இன்றைக்குக் கண்டுபிடித்ததும் இல்லை. 1920-களில் இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கங்களில் வெக்கையில் தோண்டிய தொழிலாளிகளுக்கு இப்படியே பிடித்தது. குடிதண்ணீரில் கொஞ்சம் உப்புச் சேர்த்ததும் குறைந்தது.

நிழலுக்கு வந்து உட்காருங்கள். ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் போட்டிருக்கும் அளவுத் தண்ணீரில், பெரும்பாலும் 1 லிட்டர், முழுப் பொட்டலத்தையும் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடியுங்கள். பாதிப் பொட்டலம், ஒரு டம்ளர் என்று கண் அளவில் கலக்க வேண்டாம். பொட்டலம் கிடைக்காவிட்டால் 1 லிட்டர் தண்ணீருக்கு ஆறு தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலை தட்டி. காலையில் உப்புப் போட்ட நீராகாரமோ மோரோ குடித்துவிட்டு வேலைக்குப் போன நம் பெரியவர்களின் பழக்கம் இந்த வேலைக்கு மிகப் பொருத்தமானது. இளநீரில் பொட்டாசியம் அதிகம், சோடியம் குறைவு. தாகத்துக்கு நல்லது, இழந்த உப்பை மட்டும் அது ஈடுசெய்யாது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இளநீரை மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது.

விளையாட்டு வீரர்களின் பிடிப்பு முழுவதும் உப்புக் கணக்கில் அடங்காது. வெள்ளரிக்காய் ஊறிய வினிகர்க் கரைசலைக் கொஞ்சம் குடித்தால் ஒன்றரை நிமிடத்துக்குள் பிடிப்பு விடுவதை 2010-இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று காட்டியது. அந்த நேரத்துக்குள் உப்பு குடலைத் தாண்டி ரத்தத்தில் சேர முடியாது. தொண்டையில் படும் புளிப்பே நரம்பு வழியாகக் கட்டளையை அடக்குகிறது என்று அவர்கள் கருதினார்கள். பழகாத வேகத்தில், பழகாத தூரம் ஓடிக் களைத்த தசைதான் முதலில் பிடிக்கிறது. பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டுவதற்கு மாற்று எதுவும் இல்லை.

குழப்பமாகப் பேசுகிறார், உடம்பு அனலாகக் கொதிக்கிறது என்றால் அது வெப்பத் தாக்கு. தண்ணீரை ஊற்றி உடம்பைக் குளிரவைத்துக்கொண்டே 108-ஐ அழையுங்கள். சுயநினைவு சரியில்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கடும் உழைப்புக்குப் பின் சிறுநீர் கட்டங்காபி நிறத்தில் போனாலும் அன்றே போக வேண்டும். சிதைந்த தசையின் கழிவு சிறுநீரகத்தை அடைக்கிறது என்று அதற்குப் பொருள்.

நடந்தால் கெண்டை பிடிக்கிறது, நின்றால் விடுகிறது

"பஸ் ஸ்டாண்டு தாண்டி அந்த வேப்பமரம் வரைக்கும்தான், அங்க வந்ததும் கால் நின்னுடுது." தினமும் ஏறத்தாழ அதே தூரம் என்று ஒருவர் சொன்னால் நான் நீட்டும் பயிற்சியைப் பற்றிப் பேசுவதில்லை. முதலில் பாதத்தில் நாடி பார்ப்பேன். காலுக்கு வரும் ரத்தக் குழாய் அடைபட்டிருந்தால், நடக்கும் தசைக்குத் தேவையான ரத்தம் போய்ச் சேராது. நின்று சில நிமிடம் ஆனதும் ஈடாகிவிடும், வலி விட்டுவிடும். பீடி, சிகரெட் பிடிப்பவர்களும் சர்க்கரை உள்ளவர்களும் இதில் அதிகம். பாதம் சில்லென்றிருப்பது, காலில் முடி உதிர்ந்து தோல் பளபளப்பது, விரல் புண் ஆறாமல் இருப்பது கூடவே வரும்.

நின்றால் மட்டும் போதாமல், உட்கார்ந்தால்தான் அல்லது முன்னால் குனிந்தால்தான் விடுகிறது என்றால் அது வேறு. சைக்கிள் எவ்வளவு தூரம் வேண்டுமானாலும் மிதிக்க முடிகிறது, நடக்கத்தான் முடியவில்லை என்பார்கள். முதுகுத்தண்டின் குழாய் குறுகி நரம்பை நெருக்குகிறது. இரண்டுக்கும் சிகிச்சை வேறு வேறு என்பதால் இந்த வித்தியாசத்தை மருத்துவரிடம் தெளிவாகச் சொல்லுங்கள். ரத்தக் குழாய் அடைப்புதான் என்றால் புகையை அன்றே விட வேண்டும். அப்புறம் வலி வரும் வரை நடந்து, நின்று, மறுபடி நடக்கும் முறையான நடைப்பயிற்சி கைகொடுக்கும். திடீரென்று ஒரு கால் வெளுத்து, குளிர்ந்து, தாங்க முடியாமல் வலித்தால் அந்தக் காலைக் காப்பாற்ற சில மணி நேரம்தான் இருக்கிறது.

காலையில் எழுந்தால் கழுத்து திரும்பவில்லை

தலையணை உயரமாகிவிட்டது, பேருந்தில் தலை தொங்கத் தூங்கினோம், மின்விசிறிக்கு நேரே படுத்தோம் என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். தலையணையை வெயிலில் போட்டால் சுளுக்கு போய்விடும் என்று எங்கள் பாட்டி போடுவார். இரண்டு மூன்று நாளில் பெரும்பாலும் தானாகவே சரியாகும் என்பதால் பாட்டிக்கு எப்போதும் வெற்றிதான். அந்த இரண்டு மூன்று நாளைக் கொஞ்சம் சுலபமாக்கலாம். இளஞ்சூட்டு ஒத்தடம் கால் மணி நேரம் கொடுங்கள். பின் வலி தொடங்கும் இடம் வரை மட்டும் தலையை மெதுவாக இரு பக்கமும் திருப்புங்கள், மணிக்கு ஒரு தடவை. கழுத்துப்பட்டையைக் கட்டிக்கொண்டு அசையாமல் இருந்தால் நாள்தான் கூடும்.

முடி வெட்டும் கடையில் தலையைப் பிடித்துப் படக்கென்று சொடுக்கு எடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். கழுத்தெலும்புகளின் துளைகள் வழியே மூளைக்கு ஏறும் ரத்தக் குழாய் அந்தத் திருகலில் கிழிந்து பக்கவாதம் வந்தவர்களைப் பற்றி மருத்துவ இதழ்கள் பதிவு செய்திருக்கின்றன.

வாந்திக்கு மாத்திரையோ ஊசியோ போட்டுக்கொண்ட பிறகு, பெரும்பாலும் இளைஞர்களுக்கும் பிள்ளைகளுக்கும், கழுத்து ஒரு பக்கமாகத் திருகிக்கொண்டு, கண் மேலே செருகி, நாக்கு தள்ளும். வீட்டில் பேய் பிடித்தது என்று கூடப் பயந்துவிடுவார்கள். மெட்டோகுளோபிரமைடு போன்ற மருந்துகளின் பக்கவிளைவு அது. மாற்று ஊசி போட்டால் பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முகம் பழையபடி ஆகிவிடும். போட்டுக்கொண்ட மருந்தின் அட்டையை மறக்காமல் எடுத்துப் போங்கள். கழுத்து விறைப்போடு காய்ச்சலும் கடுந்தலைவலியும் இருந்தால் மூளைச்சவ்வுக் காய்ச்சலாக இருக்கக்கூடும், ஒத்தடம் கொடுத்துக் காத்திருக்க வேண்டாம்.

குனிந்து நிமிர்ந்ததும் முதுகு பிடித்துக்கொண்டது

குடம் தூக்கினேன், கேஸ் சிலிண்டரை நகர்த்தினேன், ஒன்றுமே இல்லை, செருப்பு மாட்டக் குனிந்தேன். எல்லாமே உண்மைதான். மல்லாந்து படுத்து, இரண்டு கெண்டைக்கால்களையும் நாற்காலி மேல் வையுங்கள், இடுப்பும் முழங்காலும் சரியாக மடங்கியிருக்கும்படி. முதுகுத் தசை ஓய்வுக்கு வரும். பத்துப் பதினைந்து நிமிடம் போதும். பிறகு எழுந்து வீட்டுக்குள்ளேயே நடங்கள். வாரக்கணக்கில் படுத்தே இருந்தால் தசை வலுவிழக்கும், பிடிப்பு திரும்பத் திரும்ப வரும்.

மருந்துக் கடையில் கேட்டதும் தசை தளர்த்தியும் வலி மாத்திரையும் சேர்ந்த ஒன்றைத் தந்துவிடுவார்கள். அவற்றில் அடிக்கடி வரும் தசை தளர்த்தியான தையோகால்சிகோசைடை ஏழு நாளுக்கு மேல் விழுங்க வேண்டாம் என்றும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது என்றும் ஐரோப்பிய மருந்து முகமை 2013-இல் அறிவித்தது. கூடவே இருக்கும் வலி மருந்தான டைக்ளோஃபினாக் வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடியது. வயதானவர்களுக்கும் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கும் அதைக் கேட்காமல் வாங்கித் தராதீர்கள்.

சிறுநீர் வரவில்லை, மலம் அடக்க முடியவில்லை, உட்காரும் இடம் மரத்துப் போயிருக்கிறது, கால் துவள்கிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவு. நெஞ்சுப் பக்கம் பிடித்துக்கொண்டால், இடது கையோ தாடையோ வலித்தால், வியர்த்துக் கொட்டினால், மூச்சுப்பிடிப்பு என்றும் வாயு என்றும் சொல்லி சோடா வாங்கிக் கொடுத்து நேரத்தைக் கழிக்காதீர்கள். இசிஜி எடுத்துப் பார்த்த பின் வாயு என்று தெரிந்தால் சந்தோஷமாக வீட்டுக்கு வரலாம்.

கைவிரல்கள் கூம்பிக்கொள்கின்றன, வாயைச் சுற்றிக் குறுகுறுக்கிறது

கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் நீண்டு ஒட்டிக்கொண்டு, கை ஒரு மொட்டு மாதிரி ஆகிவிடும். பயத்தில் வேகமாக மூச்சு வாங்கும்போது இது வரலாம். உட்கார வைத்து, கூடவே இருந்து, மூக்கால் இழுத்து வாயால் மெதுவாக விடச் சொன்னால் சில நிமிடத்தில் விரல் விரியும். அடிக்கடி வந்தாலும், தைராய்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு வந்தாலும் ரத்தத்தில் கால்சியம் பார்த்தே ஆக வேண்டும். அந்த அறுவையில் பக்கத்தில் இருக்கும் சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் மளமளவென்று சரியும். தாமதித்தால் வலிப்பு வரை போகும்.

தாடை திறக்கவில்லை

சில நாள் முன்பு ஆணியோ முள்ளோ குத்தியிருந்து, இப்போது வாய் இறுகி, முகம் சிரிப்பது போல இழுத்து, சின்னச் சத்தத்துக்கும் உடம்பு வில்லாக வளைந்தால் அது ரண ஜன்னி, அதாவது டெட்டனஸ். வீட்டில் செய்ய எதுவும் இல்லை, பெரிய மருத்துவமனைக்குப் போக வேண்டும். காயம் பட்ட அன்றே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு, கடைசியாகத் தடுப்பூசி எப்போது போட்டோம் என்று பார்ப்பது எவ்வளவோ எளிது.

கண்ணிமை துடிக்கிறது

இடது கண்ணா வலது கண்ணா என்று பலன் பார்க்க வேண்டாம். தூக்கக் குறைவு, அதிகக் காபி, மன அழுத்தம், திரையையே பார்த்துக்கொண்டிருப்பது இவைதான் பெரும்பாலும் காரணம். நான்கு நாள் நன்றாகத் தூங்கிக் காபியைக் குறைத்தால் அடங்கிவிடும். இமையோடு நிற்காமல் கன்னம், வாயோரம் என்று முகத்தின் ஒரு பாதி முழுக்க இழுக்கத் தொடங்கினால் நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள். அதற்கு, தசையைத் தளர்த்தும் போட்டாக்ஸ் ஊசி இருக்கிறது. ஒரு தடவை போட்டால் மூன்று மாதம் அளவுக்குத் தாங்கும், பின் மறுபடி போட வேண்டும்.